கூடாரம் வாங்குமுன் நிறையை மட்டும் பார்க்காதீர்கள், நம் மழையையும் பாருங்கள்



பரீட்சை முடிந்த கையோடு நம் ஊர்ப் பொடியன்மார் மலைக்குக் கிளம்பி விடுகிறார்கள். ரிவஸ்டன், மீமுரே, நக்கிள்ஸ் என்று போகிறார்கள். கண்டியிலிருந்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ ட்ரெயிலில் இரண்டு மூன்று நாள் நடந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். மாஷா அல்லாஹ், நல்ல விஷயம். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு அல்லாஹ் படைத்த மலையையும் காட்டையும் கண்ணால் பார்க்கும் பிள்ளையை நான் ஏன் தடுக்க வேண்டும்?

ஆனால் போகுமுன் அவர்கள் கேட்கும் கேள்விதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. "சேர், ஒன்லைன்ல ரெண்டு பேர் டென்ட் ஒண்டு இருக்கு. நிறையும் குறைவு, விலையும் குறைவு. எடுப்பமா?" எல்லோரும் இந்த இரண்டைத்தான் கேட்கிறார்கள். மழையில் நிற்குமா என்று கேட்பவர் குறைவு. பெற்றோர்களும் இதை வாசிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நிறை. அது முக்கியம்தான். முதுகுப் பை நம் உடல் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ பிள்ளைக்கு 12 கிலோ. அதில் மூன்று லீட்டர் தண்ணீரே மூன்று கிலோ. சாப்பாடு, மாற்றுடுப்பு, போர்வை எல்லாம் போக மிச்சம் அதிகமில்லை. நாற்பது நாள் ஜமாஅத்தில் போய் வந்தவர்களிடம் கேளுங்கள், தேவையில்லாத ஒரு சாமானின் பாரம் எத்தனை என்று சொல்வார்கள். எனவே மூன்று நான்கு கிலோக் கூடாரம் காரில் போகிறவர்களுக்குச் சரி, நடக்கிறவர்களுக்குச் சரிவராது.

இருவர் நடப்பதற்கு ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டேகால் கிலோவுக்கும் இடைப்பட்டது போதும் என்பது என் அபிப்பிராயம். பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு ஒரு கிலோ அளவுதான் வரும். ஒருவர் வெளித்துணியையும் கம்பிகளையும் எடுத்தால் மற்றவர் உட்கூடாரத்தையும் முளைகளையும் எடுக்கலாம். ஒரு கிலோவுக்கும் குறைந்த கூடாரங்களும் உலகத்தில் இருக்கின்றன. அவற்றின் விலை நமக்குக் கட்டாது, துணியும் மிக மெல்லியது. விளம்பரத்தில் போடும் நிறையையும் அப்படியே நம்பாதீர்கள். பல கம்பனிகள் பை, முளை, கயிறு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிறை சொல்கின்றன. எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்தது, "ரெண்டு பேர்" என்ற சொல். அது இரண்டு பேர் நெருங்கிப் படுக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. பைகளுக்கு அதில் கணக்கில்லை. சாதாரண படுக்கை மெட் ஒன்றின் அகலம் 51 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். இரண்டு போட்டால் 102. கூடாரத்தின் உள் அகலம் 125 என்றால் ஓரத்தில் ஒரு சாண் மிஞ்சும். அகல மெட் 63, 64 வரும். இரண்டு போட்டால் இடமே இல்லை. சில கூடாரங்கள் தலைப்பக்கம் அகன்று கால்பக்கம் ஒடுங்கும். எனவே நீளம், அகலம், உயரம் மூன்றையும் கேட்டு, வீட்டுத் தரையில் சோக்கால் கோடு போட்டு, இருவர் படுத்துப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இனி மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று, இடையில் மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிமழை. மலைநாட்டில் மழை வராது என்று எந்த மாதத்தையும் நம்ப முடியாது. அதோடு 1000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும். நம் கரையோரப் புழுக்கத்தில் வளர்ந்த பிள்ளை நனைந்த உடுப்போடு, நனைந்த போர்வையோடு, காற்றில் ஒரு இரவு கிடந்தால் உடல் விறைத்துப் போகலாம். அதற்குப் பனி பெய்யும் நாடு தேவையில்லை. குளிரும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளித்துணி எத்தனை மில்லிமீற்றர் நீரைத் தாங்கும் என்பது. துணியின் மேல் அத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் ஒழுகாது என்பதுதான் அந்த எண்ணின் கருத்து. மலிவான கூடாரங்கள் பலவற்றில் அந்த எண்ணே இருக்காது. வெளித்துணிக்கு 1500க்குக் குறையாமலும், நாம் முழங்காலை ஊன்றும் தரைத்துணிக்கு 3000 அளவிலும் பாருங்கள். தையல்களின் உட்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளையால் தண்ணீர் வரும்.

கூடாரம் இரட்டைத் துணியாக இருக்க வேண்டும். ஒற்றைத் துணிக் கூடாரத்தில் இரண்டு பேர் விடும் மூச்சு இரவு முழுக்கத் துணியில் வியர்த்து, சுபஹு நேரத்தில் முகத்தில் சொட்டும். மழையே பெய்யாமல் நனைந்து எழும்புவீர்கள். வலையால் ஆன உட்கூடாரமும், அதற்கு மேல் நிலத்துக்குக் கிட்ட வரை இறங்கும் வெளித்துணியும், இரண்டுக்கும் நடுவில் காற்றோட்டமும் இருந்தால் அந்த ஈரம் வெளித்துணியோடு நிற்கும். மலிவான சில கூடாரங்களின் வெளித்துணி தலைக்குத் தொப்பி போட்டது போல உச்சியை மட்டும் மூடும். காற்றோடு வரும் சாரலுக்கு அது எந்த வகையிலும் உதவாது.

"எங்கட காலத்தில ஒரு தார்ப்பாய்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மழைக்குத் தார்ப்பாய் போதும், உண்மைதான். ஆனால் நக்கிள்ஸ் ஈரக் காட்டில் அட்டைக்கும், தாழ்நாட்டில் நுளம்புக்கும், எங்கேயும் பாம்பு தேளுக்கும் தார்ப்பாயில் தடுப்பில்லை. சிப் ஒழுங்காக மூடும் வலையும், ஓரம் மேலே மடிந்து வரும் தரைத்துணியும் அதற்குத்தான்.

மழையில் கூடாரம் நடும் ஒழுங்கையும் கவனியுங்கள். பெரும்பாலானவற்றில் முதலில் உட்கூடாரத்தை நட்டு, பிறகு மேலே துணியைப் போட வேண்டும். அதற்குள் உள்ளே குளம் கட்டிவிடும். வெளித்துணியை முதலில் நட முடிந்த கூடாரமும், இரண்டும் கோத்தபடியே எழும்பும் கூடாரமும் நம் நாட்டுக்கு மிகப் பொருத்தம். முளை இல்லாமலே தன் கம்பிகளில் நிற்கக்கூடியதா என்றும் பாருங்கள். கற்பாறையில் நான்கு அங்குல மண் இருக்கும் இடத்தில் முளை இறங்காது. கம்பி அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர் கம்பி பாரமும் கூட, ரிவஸ்டன் காற்றில் பிளந்தால் சிராய் கையில் ஏறும், துணியையும் கிழிக்கும்.

நைலோன் துணி நனைந்தால் தொய்யும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. நைலோன் வைத்திருப்பவர்கள் படுக்கப் போகுமுன் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். தரைக்குக் கீழே பொலித்தீன் விரிப்பதென்றால் கூடாரத்தை விடச் சிறிதாக வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை ஏந்தி அடியில் கொண்டு வந்து விடும்.

நமக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. இருபக்கமும் வாசல் உள்ள கூடாரம் சில நூறு கிராம் கூடலாம். இருந்தாலும் அதையே எடுங்கள் என்பேன். சுபஹுக்கு எழும்புகிறவர் மற்றவரின் மேலால் ஏறிப் போகத் தேவையில்லை. வாசலுக்கு முன்னால் வெளித்துணி மூடும் சிறிய இடத்தில் நனைந்த சப்பாத்தையும் வுழூச் செய்த காலின் சேற்றையும் விட்டுவிட்டு உள்ளே வரலாம். இங்கே ஒன்லைனில் அதிகம் காணும் நேச்சர்ஹைக் கிளவுட் அப் போன்றவை நிறையில் நல்லவை, ஆனால் அதில் தலைப்பக்கம் ஒரே வாசல்தான். கணவன் மனைவியாகவோ, தகப்பனும் மகனுமாகவோ போகிறவர்கள் அதையும் யோசித்து எடுங்கள். இந்த உயரக் கூடாரத்தில் நின்று தொழ முடியாது. வெளியே ஒரு முசல்லா விரிக்கும் சமதரை இருக்கும் இடமாகப் பார்த்துக் கூடாரம் நடுங்கள்.

இதையெல்லாம் சொன்னால், "சேர், அப்படிப் பார்த்தால் விலை பல மடங்கு வருமே" என்பார்கள். உண்மை. இங்கேதான் என் முக்கியமான கருத்தைச் சொல்ல வருகிறேன். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கூடாரம் வாங்குவதை நாம் நிறுத்த வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை போகிற பிள்ளைக்கு எதற்குச் சொந்தக் கூடாரம்? எட்டுப் பேர் சேர்ந்து நான்கு மலிவுக் கூடாரம் வாங்குகிறார்கள். முதல் பயணத்தில் ஒன்றின் கம்பி உடைகிறது, இரண்டாவதில் ஒன்றின் சிப் போகிறது, மிச்சம் கட்டிலுக்கடியில் ஈரத்தோடு சுருண்டு கிடக்கிறது. மூன்றாம் வருடம் மறுபடி வாங்குகிறார்கள். வீண்விரயம் கூடாது என்று மிம்பரில் கேட்கிறோம். தரமான சாமானை வாங்குவதை விட, குப்பைக்குப் போகப் போகும் சாமானை மூன்று தரம் வாங்குவதுதான் வீண்விரயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்கு நான்கு நல்ல கூடாரம் இருந்தால் போதும். எட்டுப் பேர் போய் வரலாம். விளையாட்டுக் கழகமோ, பழைய மாணவர் சங்கமோ, பள்ளிவாசலின் இளைஞர் பிரிவோ வாங்கி வைக்கட்டும். போகிறவர்கள் ஒரு சிறிய தொகை கொடுத்து எடுத்துப் போகட்டும். அந்தக் காசில் முளை, கயிறு, சிப் திருத்தலாம். பாடசாலைச் சாரணர்களும் சாரணியரும் மைதானத்தில் நட்டுப் பழகட்டும். இருட்டில், மழையில் முதன்முதலாகப் பெட்டியைப் பிரித்துப் படம் பார்க்கும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

பொதுச் சாமான் என்றால் சீரழியும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தான் பொறுப்பாக ஒருவரும் ஒரு கொப்பியும் வேண்டும். யார் எடுத்தார், எத்தனை முளை போனது, எத்தனை திரும்பி வந்தது என்று எழுத வேண்டும். திரும்பிய அன்றே நிழலில் விரித்து நன்றாகக் காய விட வேண்டும். கடும் வெயிலில் போட்டால் துணி நைந்து போகும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், உட்பூச்சு பிசுபிசுத்து நாறும், பிறகு எந்த மழையையும் தாங்காது. நம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கூடாரங்கள் மலையில் கெட்டுப் போவதை விட வீட்டில் கெட்டுப் போவதுதான் அதிகம். எடுத்த சாமான் அமானிதம் என்பதைப் பிள்ளைகள் பழக இதைவிட நல்ல பாடம் பாடசாலையில் என்னிடமும் இல்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு நல்ல கூடாரமானாலும் சில விஷயங்களுக்கு அது பாதுகாப்பாகாது. ஆற்றோரத்திலும் வரண்டு கிடக்கும் ஓடையிலும் நடாதீர்கள். உங்கள் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழை நடு இரவில் வந்து சேரும். இடி மின்னலுக்கு வெட்டவெளி உச்சியில் இருக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், அது மஞ்சளாக இருந்தாலும், பயணத்தைப் பிற்போடுங்கள். வனத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம் பொறுப்பான இடங்களில் அனுமதி பெற்று, காட்டிய இடத்தில் மட்டும் தங்குங்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது, தேத்தண்ணீருக்கும் கூட. 1997ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மினாவில் கூடாரங்களில் பரவிய தீயில் 340க்கும் அதிகமான ஹாஜிகள் வஃபாத்தானார்கள். அதற்குப் பின்னர்தான் அங்கே எளிதில் தீப்பிடிக்காத கூடாரங்கள் வந்தன. நாம் மலைக்குக் கொண்டு போகும் மெல்லிய நைலோன் அப்படிப்பட்டதல்ல. தீப்பிடிக்காவிட்டாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பின் நச்சுப் புகை மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

"போக விடாமல் வீட்டில வைச்சா எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சுதே" என்று சில பெற்றோர் சொல்வது எனக்குத் தெரியும். அனுபவத்தில் சொல்கிறேன், பதினெட்டு வயதுப் பிள்ளை சொல்லாமல் போகும். சொல்லாமல் போகிற பிள்ளையின் பையில் என்ன இருக்கிறது, எந்தப் பாதையில் போகிறது, எப்போது திரும்பும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லிவிட்டுப் போகிற பிள்ளைக்கு நாம் நல்ல கூடாரமும் கொடுக்கலாம், பாதையையும் கேட்கலாம், இரண்டாம் நாள் அஸருக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைத் தேட வேண்டும் என்றும் தெரிந்திருக்கும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகு தவக்குல் வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் நாம் அதைப் பிள்ளையின் பயணத்திலும் செய்து காட்டலாம்.

கழகத்துத் தம்பிமாரும் பழைய மாணவர் சங்கத்துச் சகோதரர்களும் இந்த விடுமுறைக்கு முன் இரண்டு கூடாரத்தோடாவது ஆரம்பிக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். வீட்டில் நல்ல கூடாரம் சும்மா கிடந்தால் அதையும் கொடுக்கலாம். காய வைக்க இடமும், கணக்குக் கொப்பி எழுத ஆளும் தேவை என்றால் நான் இருக்கிறேன்.

வஸ்ஸலாம்.