அரைச் சுற்று

பள்ளி விடுமுறைக்கு மகனும் நானும் எடுத்துக்கொண்ட வேலை, ஒரு சின்ன நீராவி இயந்திரம். பித்தளை சிலிண்டர், விரல் பருமனில் பிஸ்டன், உள்ளங்கை அகலத்தில் ஃப்ளைவீல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். அடிக்கு மட்டும் வீட்டில் கிடந்த ரப்பர் மரப் பலகை. சும்மா தாங்கத்தானே என்ற அலட்சியம்.

கையால் சுற்றினால்கூடச் சக்கரம் பாதியில் இறுகியது. பிஸ்டனைத் தேய்த்தேன், எண்ணெய் விட்டேன், மறுபடி தேய்த்தேன். மூன்று வாரம் போயிற்று. மகன் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான். அதுதான் எனக்கு வலித்தது.

பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா வந்தார். பிஸ்டனைத் தொடவே இல்லை. சிலிண்டரைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் ஒன்றை அரைச் சுற்றுத் தளர்த்தினார். சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடியது!

“எஞ்சின்ல கோளாறு இல்லப்பா. பலக கோணியிருக்கு. நீ முடுக்க முடுக்க அது சிலிண்டரையும் சேத்து இழுக்குது.”

நம் ஊர் ஈரத்தில் மரம் உப்பும், வளையும். நீராவி பிஸ்டனை முன்னே தள்ளும்போது சிலிண்டரையும் அதே விசையில் பின்னே தள்ளுகிறது. 12 மில்லிமீட்டர் பிஸ்டனுக்கு 2 பார் அழுத்தம் என்றால் ஏறக்குறைய 2.3 கிலோ எடைக்குச் சமமான உந்துதல். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்துத் தடவை. அத்தனையையும் தாங்குவது அடிதான். 18ஆம் நூற்றாண்டின் பெரிய நீராவி இயந்திரங்களில் உத்தரம் கட்டடத்தின் தடித்த சுவர்மேலேயே ஆடியது. கட்டடமே இயந்திரத்தின் பாதி!

பழைய இரும்புக் கடையில் 12 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு வாங்கினோம். தடித்த கண்ணாடியில் நீல மையை மெல்லிசாகப் பூசி, தட்டை அதன்மேல் தேய்த்தால் மேடான இடங்களில் மட்டும் மை ஒட்டும். அதை அரத்தால் அராவ வேண்டும். இரண்டு சாயங்காலம் அதற்கே போனது, அராவியது மகன். சிலிண்டரின் உயரம் ஒரு மயிரிழை குறைந்தது. குளிர்பான டின்னில் வெட்டிய தகட்டை அடியில் கொடுத்துச் சரிசெய்தோம். கால்கள் மூன்றுதான். மூன்று கல் அடுப்பு ஆடாதே!

சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். டக் டக் என்று ஓடியது.

பாய்லரை இன்னும் பற்றவைக்கவில்லை. முதலில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனி அடி வேண்டும், சூடு இந்தத் தட்டுக்கு வரக்கூடாது என்கிறான் மகன். தாத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறான்.