காவல் மரத்தை நாமே வெட்டுகிறோம்

புரட்டாசி பிறந்ததும் மேலூர்ப் பேருந்து நிலையத்தின் முகம் மாறிவிடுகிறது. சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புக்காகப் போனவர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்குகிறார்கள். வெள்ளலூர் நாட்டில் ஏழு சிறுமியரை அம்மனாகத் தேர்ந்து வழிபடும் ஏழைகாத்த அம்மன் திருவிழா இம்மாதத்தில்தான். அதை அடுத்து ஆயுதபூசை, தீபாவளி, கார்த்திகை. பிரிந்து போன தன் மக்களை ஊர் தவணை முறையில் திரும்பப் பெறும் காலம் இது. இதில் நமக்கு மகிழ்ச்சியன்றி வேறில்லை. வந்தவர்கள் வந்த மறுநாளே கேட்கும் ஒரு கேள்வியோடுதான் நமக்குச் சண்டை: “நம்ம கோயில்காட்டுக்கு இந்த வருசம் என்ன செய்யலாம்?”

ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதே நம் பதில். கோயில்காட்டுக்கு இன்று செய்யத்தக்க ஆகப் பெரிய திருப்பணி, அதன்மேல் கை வைக்காமலிருப்பது. இது சோம்பேறியின் வாதமாகத் தோன்றலாம். சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம்.

‘செய்யலாம்’ என்று கிளம்பினால் என்ன நடக்கிறது? முதலில் ‘சுத்தம்’. மண் அள்ளும் எந்திரம் ஒன்று வாடகைக்கு வருகிறது. காரை, சூரை, சங்கஞ்செடி, விடத்தலை, பிரண்டைக் கொடி யாவும் ‘முள்ளு’, ‘புதர்’ என்னும் இரண்டே சொற்களுக்குள் அடக்கப்பட்டு ஒரு முற்பகலில் மறைகின்றன. அடுத்து, சாமிக்கு முன்னால் சிமெண்ட் தளம். அதன்மேல் தகரக் கொட்டகை, சுற்றுச்சுவர், நுழைவு வளைவு, நன்கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல் பலகை. கடைசியில், பசுமையின்மேல் கொண்ட காதலால், வெட்டிய இடத்தில் மரக்கன்று நடும் விழா. நடப்படுபவை பெரும்பாலும் தூங்குமூஞ்சியும் மயிற்கொன்றையும். உசிலையை அகற்றிவிட்டு அயல்மரம் நடுவதற்குப் பெயர் ‘பசுமைப் பணி’!

இதை வெளியே நின்று சொல்லவில்லை. மேலூர் வட்டத்தில் நம் குலதெய்வம் குடியிருக்கும் காட்டிலும் இவை நடந்தன. வரி போட்டபோது நாமும் கொடுத்தோம். தமிழ் படித்தவர் என்பதால் கல்வெட்டு வாசகம் எழுதும் பணி நம்மிடம் வந்தது. ஏழு வரி எழுதினோம். சந்தம் நன்றாக அமைந்திருப்பதாக ஊரார் பாராட்டினார்கள். அந்த ஏழு வரியில் மரத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் இல்லை என்பதை, பலகை நட்ட பிறகு, அதன் எதிரில் நின்று படித்தபோதுதான் கண்டோம். சங்க காலத்துக் கடிமரம் பற்றி ஆண்டுதோறும் வகுப்பில் பேசுகிறவர் நாம். வென்றவன் தோற்றவனின் காவல் மரத்தை வெட்டுவான் என்று சொல்லித் தருகிறோம். தோற்காமலேயே தன் காவல் மரத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் குடியைப் பற்றிச் சொல்லித்தர நம்மிடம் பாடம் இல்லை.

காலத்தைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. மதுரைச் சமவெளியின் வறண்ட காட்டுக்கு ஆண்டின் பெரும் வாய்ப்பு இதுவே. கோடையில் உதிர்ந்து சருகுக்கடியில் கிடந்த விதைகள் இம்மழையில் முளைத்து, புதர்களின் நிழலில் தை, மாசி வெயிலைத் தாங்கும் அளவுக்கு வேர் பிடிக்கின்றன. ஆட்டின் வாயிலிருந்து கன்றைக் காப்பதும் நாம் ‘முள்ளு’ என்று இகழும் அந்தப் புதர்தான். மிகச் சரியாக இந்த நேரத்தில்தான் விடுமுறையில் வந்த நாம் சருகைக் கூட்டி எரிக்கிறோம், புதரை வாருகிறோம். பெரிய மரங்களை விட்டுவைத்தோமே என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் இல்லாத வீட்டில் கிழவர்களை மட்டும் விட்டுவைப்பதற்கு ஒப்பானது அது. அவர்கள் காலம் முடிந்ததும் வீடு பூட்டப்படும். சிமெண்ட் தளமோ, சருகு பஞ்சுபோல் உறிஞ்சி மண்ணுக்குள் இறக்கிய மழையைத் தெருவுக்கு ஓட வைக்கிறது.

இத்தனையும் எந்த வட்டாரத்தில் நடக்கிறது என்பதுதான் நம்மை உறங்கவிடாதது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 எக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், அப்பகுதியையும் உட்படுத்தி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. பரப்பு 2015 எக்டேர். மேலூர் வட்டாரமே எழுந்து நின்றது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மக்கள் மதுரை நோக்கித் திரண்டு நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையும் கோயிலும் காடும் எங்கள் உயிர் என்று அப்போது முழங்கியவர்கள் வேறு யாருமல்லர், நாமே. சுரங்கக்காரரை விரட்டிய கையால் ஒன்பது மாதத்தில் காட்டுக்குள் எந்திரத்தை அழைத்து வந்தவர்களும் நாமே. நம் பெயர் பொறிக்கும் பளபளப்பான பலகைகள் எந்தக் குன்றின் உடல் என்றாவது எண்ணினோமா? இவ்வட்டாரத்துக் குன்றுகள் கிரானைட்டாக அறுக்கப்பட்ட கதையை விசாரிக்க 2014இல் சென்னை உயர்நீதிமன்றம் உ. சகாயத்தை நியமிக்க வேண்டியிருந்தது. நாடே அறிந்த கதை அது.

மறுப்புகளை அறிவோம். வயதானவர்கள் முள்ளில் நடக்க வேண்டுமா? பெண்களுக்குக் கழிப்பறை வேண்டாமா? சாமியை வெயிலிலும் மழையிலும் விடுவதா? முதல் இரண்டும் நியாயமானவை. கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் சமையல் கொட்டகையும் காட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் கட்டப்படட்டும். உள்ளே போக ஓர் ஒற்றையடிப் பாதை போதும். மூன்றாவது கேள்வி பக்திபோல் ஒலித்தாலும் மரபறியாதது. அய்யனாரும் கருப்பும் கூரை கேட்டவர்கள் அல்லர். புரவி எடுப்பில் நாம் சுமந்து சென்று நிறுத்துவது மண்குதிரை. மழை அதைக் கரைக்கும், வேர் அதைப் பிளக்கும், மறுமுறை புதிது செய்வோம். பழையது மண்ணாகட்டும் என்னும் அறிவு அதில் இருக்கிறது. ஏழைகாத்த அம்மனுக்கு விரதம் இருக்கும் நாட்களில் வெள்ளலூர் நாட்டார் பச்சை மரம் வெட்டுவதில்லை, கட்டட வேலை செய்வதில்லை. நாம் ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று சொல்வது புதுச் சரக்கு அன்று. நாட்டு வழக்கத்தைத்தான் நினைவூட்டுகிறோம்.

‘மியாவாக்கி காடு’ என்ற பெயரை இன்று அறியாத ஊராட்சி இல்லை. அந்த ஜப்பானிய அறிஞர் அகிரா மியாவாக்கி ஒரு நிலத்தின் இயல்பான மரங்கள் எவை என்று அறியப் போய் நின்ற இடங்களில் முதன்மையானவை அந்நாட்டுக் கோயில்காடுகள். மூலப்படி அங்கேதான் இருந்தது. நாமோ மூலப்படியைக் கிழித்துவிட்டு நகல் எடுக்க ஓடுகிறோம். அதே ஜப்பானில் 1906இல் சிறுகோயில்களை இணைக்கும் அரசாணை வந்து, கைவிடப்பட்ட கோயில்களின் மரங்கள் வெட்டி விற்கப்பட்டன. மினகாட்டா குமகுசு என்னும் தாவர ஆய்வாளர் அதை எதிர்த்து எழுதினார், போராடினார், 1910இல் சிறைப்பட்டார். அங்கே காட்டை அழிக்க அரசாணை தேவைப்பட்டது. இங்கே நன்கொடை ரசீதுப் புத்தகம் ஒன்று போதுமானதாக இருக்கிறது.

உழைக்கத் துடிக்கும் கைகளுக்கு வேலை இல்லையா? நிறையவே இருக்கிறது, காட்டுக்கு வெளியே. கண்மாய் வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. கரையெங்கும் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. அங்கே எந்திரத்தைக் கொண்டுபோங்கள், கும்பிட்டு வரவேற்போம். காட்டுக்குள் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஊரில் மிஞ்சியிருக்கும் அப்பத்தாக்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, ஒவ்வொரு செடிக்கும் கொடிக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வந்த பேரன் அதைச் செய்யட்டும். எல்லையை அளந்து வரைபடம் ஆக்குங்கள். அக்டோபர் 2 கிராம சபை கூடும் நாள், அது புரட்டாசியில்தான் வருகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவு மரபுத் தலங்களை அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நம் காடு சிறியதாயிற்றே என்று தயங்க வேண்டாம். அழகர்மலைக்கு அந்தப்புறம் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோயில் காடு ஐந்து எக்டேருக்கும் குறைவு. 2025இல் அது மாநிலத்தின் இரண்டாவது மரபுத் தலமாயிற்று. தீர்மானம் போட நன்கொடை தேவையில்லை, ஊருக்கு வந்திருப்பவர்கள் அன்று ஒரு பகல் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தால் போதும்.

அடுத்த புரட்டாசிக்கும் வசூல் நடக்கும். சுற்றுச்சுவரின் எஞ்சிய பக்கம் பாக்கி என்கிறார்கள். இம்முறை நாம் கொடுக்கப் போவதில்லை, வாசகமும் எழுதப் போவதில்லை. பங்காளிகளின் முகம் சுளிக்கும், வரி கொடாதவன் என்ற பேச்சும் வரும், அறிவோம். அவர்களோடு அமர்ந்து இதையே வாயால் சொல்லத் துணிவு வேண்டும் என்பதால் முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறோம். படிப்பவர்களும் தத்தம் காட்டுக்கு வெளியே ஒருமுறை நின்று, உள்ளே செல்லும் எந்திரத்தின் சக்கரத் தடம் யார் பணத்தில் பதிந்தது என்று கேட்டுக்கொள்ளட்டும்.