பேட்டரி இறங்கினால் பிரேக்கும் போச்சு

அமெரிக்காவில் பலருக்கு விடுமுறை என்றால் ட்ராவல் ட்ரெய்லர்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் அடங்கிய சக்கர வீடு. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு, மூன்று டன் எடையுள்ள அதை நிறுத்துவது பெரும்பாலும் மின்சாரம். சக்கரத்துக்கு ஒரு மின்காந்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் கரன்ட் பாய்ந்து, காந்தம் சுழலும் டிரம்மோடு ஒட்டி இழுபட, பிரேக் ஷூக்கள் விரிகின்றன.

பிரேக் பிடிக்கவில்லையா? உடனே டிரம்மைக் கழற்றுவது பல நேரம் வீண் வேலை. குற்றவாளி பச்சை பூத்த பிளக், துருவேறிய எர்த் அல்லது அச்சுக் குழாய்க்குள் உரசித் தோலுரிந்த வயராக இருக்கலாம். 4 பிரேக் உள்ள ட்ரெய்லரில், காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் வீதம், முழு பிரேக்கில் 12 ஆம்பியர் பாய வேண்டும். மீட்டர் 9 காட்டினால் ஒரு காந்தம் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது.

அதைவிட விபரீதம் ஒன்று உண்டு. ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுகொண்டால், ஒரு கம்பி இழுபட்டு சுவிட்சின் ஊசி பிடுங்கிக்கொள்ளும். ட்ரெய்லரின் சொந்த பேட்டரிதான் பிரேக் போட வேண்டும். முந்தின இரவெல்லாம் விளக்குக்கும் ஹீட்டர் விசிறிக்கும் உழைத்த அதே பேட்டரி! சார்ஜ் நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12 என்றால் பாதிக்கும் கீழே.

கிளம்புமுன் சோதிப்பது எளிது. முதலில் பிக்கப்புடன் இணைக்கும் 7 முனை பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிக்கப் கொடுக்கும் கரன்ட் குறையை மறைத்துவிடும். பிறகு ஊசியைப் பிடுங்கி, வண்டியை மெல்ல நகர்த்தினால் ட்ரெய்லர் சக்கரங்கள் அடம்பிடிக்க வேண்டும். ஊசியை உடனே சொருகிவிடுவது நல்லது. மறந்தால் காந்தமும் சூடேறும், பேட்டரியும் காலி.