பெரிய டயரும் கிரவுன் பினியனும்

மலைப்பாதையிலும் சேற்று நிலத்திலும் ஓட்டும் ஜீப், சிறு சரக்கு வண்டி முதலியவற்றிற்கு, வண்டியுடன் வந்த டயர்களைக் கழற்றிவிட்டு அவற்றினும் பெரிய டயர்களை மாட்டிக்கொள்ளும் வழக்கம் குடியானவர்கள் சிலரிடம் காணப்படுகின்றது. வண்டி சேற்றில் அமிழாது, கல்லில் அடி தட்டாது என்பது அவர்கள் கூறும் காரணம். அது முற்றிலும் பிழையன்று. ஆனால் டயரைப் பற்றி ஆராய்ந்தவர்கள், அந்த டயரைச் சுழற்றும் பல்சக்கரங்களைப் பற்றி ஆராய்வதில்லை. பெரிய டயர் மாட்டுவோர் அதற்கேற்ற கிரவுன் பினியனையும் மாட்டிக்கொள்ள வேண்டும். அச்செலவு தாங்காதெனில், பழைய அளவிலேயே ஆழ்ந்த வெட்டுக்களுள்ள டயரோடு திருப்தியடைய வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி நஷ்டத்தையே தரும் என்பது என் அபிப்பிராயம்.

கிணற்றில் கயிறு சுற்றும் உருளையைப் பருமனாக்கினால், ஒரு சுற்றுக்கு அதிகக் கயிறு ஏறும். ஆனால் கைப்பிடியைச் சுற்றுபவனுக்குப் பாரம் கூடும். வண்டிச் சக்கரமும் அவ்விதமே. யந்திரத்தின் சுழற்சி நீண்ட தண்டின் வழியே வந்து பினியன் என்னும் சிறு பல்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அது கிரவுன் என்னும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகின்றது. பினியனுக்கு 10 பற்களும் கிரவுனுக்கு 41 பற்களும் இருப்பின், தண்டு 4.10 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். இதுவே அந்த அச்சின் விகிதம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 235/70 ஆர் 16 என்னும் டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர். 265/75 ஆர் 16 என்பதன் விட்டம் சுமார் 804 மில்லிமீட்டர். முன்னதைக் கழற்றிப் பின்னதை மாட்டினால், பூமியில் சக்கரம் இழுக்கும் விசை 100க்கு ஏறக்குறைய 8½ பங்கு குறைந்துவிடும். இரண்டாவது கியரில் ஏறிய மேட்டிற்கு முதல் கியர் வேண்டியதாகும். வண்டியைக் கிளப்பும்போது கிளட்ச்சை அதிக நேரம் வழுக்கவிட நேரும். கிளட்ச் கருகியபின் யந்திரத்திற்கு வலிமை போதவில்லையென்று பலர் குறை கூறுகின்றனர். குற்றம் யந்திரத்தினுடையதன்று.

இழந்ததைத் திரும்பப் பெறக் கணக்கு எளிது. புதிய டயரின் விட்டத்தைப் பழைய விட்டத்தால் வகுத்து, பழைய விகிதத்தால் பெருக்க வேண்டும். 804ஐ 735ஆல் வகுத்து 4.10ஆல் பெருக்கினால் 4.48 வரும். 9 பல் பினியனும் 41 பல் கிரவுனும் சேர்ந்த 4.56 இதற்கு அருகிலுள்ள விகிதமாகும். சமவெளிச் சாலையில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குக் கணக்கில் வந்த எண்ணுக்குச் சற்றுக் குறைந்த விகிதமும், போடிநாயக்கனூர், கம்பம் பக்கங்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குச் சுமையுடன் ஏறும் ஜீப்பைப் போன்றவற்றிற்குச் சற்று அதிகமான விகிதமும் பொருந்தும். ஆனால் வேண்டியதற்கு மேல் போகலாகாது. கிரவுனின் அளவு மாறாதிருக்க விகிதம் ஏற ஏறப் பினியன் சிறுத்து, அதன் பலமும் குறையும்.

வாங்குமுன் மற்றும் இரண்டு விஷயங்களைக் கவனித்தல் அவசியம். முதலாவது, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாயின் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே விகிதத்திற்கு மாற்ற வேண்டும். செலவுக்கு அஞ்சிப் பின்னச்சை மட்டும் மாற்றினவர், கெட்டியான தரையில் நான்கு சக்கர இழுப்பைப் போட்டவுடன் இரு அச்சுக்களும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கும். தண்டோ பல்சக்கரமோ முறியும். இரண்டாவது, சில அச்சுக்களில் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால், கிரவுனைத் தாங்கும் டிப்ரன்ஷியல் கூட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும்.

பொருத்தும் வேலையை அளவுகோலின்றிச் செய்பவரிடம் ஒருபோதும் ஒப்படைக்கலாகாது. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் இணை சேர்க்கப்பட்டவை. ஒன்று பழுதாயின் இரண்டையும் மாற்றுதல் வேண்டும். பினியன் நிற்க வேண்டிய ஆழம் மெல்லிய ஷிம் தகடுகளால் நிர்ணயிக்கப்படும். பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தைக் கைப்பழக்கத்தால் மதிப்பிடாமல், அதைச் சுழற்றத் தேவையான விசையை அளந்தே அமைக்க வேண்டும். நசுங்கும் குழல் வைத்த அச்சுக்களில் அக்குழலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுதல் கட்டாயம். கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவேயுள்ள இடைவெளி பல அச்சுக்களில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். எனினும் அந்தந்த வண்டியின் புத்தகத்தில் கண்ட அளவே பிரமாணம். கடைசியில் பற்களில் குறிச்சாயம் தடவிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் நடுவே விழுதல் நலம். பல்லின் அடிப்பாகத்தில் விழுந்தால் பினியன் அதிகமாக நெருங்கியிருக்கின்றது. நுனியில் விழுந்தால் விலகியிருக்கின்றது. வண்டிக்குரியவர் இத்தடத்தைத் தம் கண்ணால் பார்த்த பின்னரே மூடியைப் பூட்டச் சொல்ல வேண்டும். இதைக் காட்ட மறுக்கும் பட்டறைக்கு இவ்வேலையைக் கொடாதிருத்தல் நலம்.

புதிய பல்சக்கரங்கள் பழகும் வரையில் கவனம் வேண்டும். முதல் ஓட்டம் சுமையின்றி 15 அல்லது 20 நிமிஷத்திற்கு மேற்படாமல், பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரையில் பாரம் ஏற்றுவதும், டிரெய்லர் இழுப்பதும் கூடாது. அதன் பின் கியர் ஆயிலை வடித்து, புத்தகத்தில் குறித்த தரத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் பொருத்திவிட்டு மறுநாளே மூட்டை ஏற்றினால், செலவழித்த பணம் பல்லோடு தேய்ந்து போகும்.

பல்சக்கரம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பலாகாது. மலையிறக்கத்தில் சிறு கியரில் யந்திரத்தால் வண்டியைப் பிடித்து வரும் சக்தி மீளும். ஆனால் பிரேக்கின் பிடி மீளாது. அதே பிரேக் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருப்பதால், மேற்கண்ட 8½ பங்கு குறைவு அப்படியே நிற்கும். சுமையுடன் ஆட்களும் ஏறும் வண்டியில் இது உயிரைப் பற்றிய விஷயம். மேலும், விட்டம் 69 மில்லிமீட்டர் கூடினாலும் வண்டியின் அடி உயர்வது அதில் பாதியே; ஏறக்குறைய 35 மில்லிமீட்டருக்காக இவ்வளவும் செய்ய வேண்டுமா என்பதை அவரவர் யோசிக்க வேண்டும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் அமைத்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. ஆகையால் பணம் கொடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்வது பெரும் உபகாரமாகும்.

நான்கு சக்கர இழுப்புள்ள டிராக்டர் வைத்திருப்போருக்கும் இதில் பாடமுண்டு. அதன் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சிறிது முந்திச் செல்லும்படி, பொதுவாக 100க்கு 1 முதல் 5 பங்கு வரை, அமைக்கப்பட்டுள்ளன. பின்பக்கம் மட்டும் பெரிய டயர் மாட்டினால் இவ்வேற்பாடு கெட்டு, இரு அச்சுக்களும் ஒன்றோடொன்று போராடும். ஜீப்பைப் போல் அங்கு விகிதத்தை மாற்றிக்கொள்ளும் வசதி சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆகையால் உற்பத்தியாளர் குறித்த முன், பின் இணை அளவுகளையே டிராக்டருக்கு வாங்க வேண்டும்.

டயர் விற்பவர் டயரின் விலையை மட்டுமே சொல்வார். இரண்டு அச்சுக்களின் பல்சக்கரம், பேரிங்கு, கூலி, ஆயில், வண்டி நிற்கும் நாட்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்பும் மனம் மாறாதவர் மாட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் பழைய அளவிலேயே நல்ல டயரை வாங்கி, மிகுந்த பணத்தைப் பிரேக்கைச் செப்பனிடுவதற்குச் செலவிடுவார்களாக.