ஊருக்கு ஒரு பள்ளி, தன் பிள்ளைக்கு வேறு பள்ளி!

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தத் தலைநகரில் நம் பள்ளிகளை ஆளும் பெரியவர்களோ அந்தப் பழமொழியைத் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறார்கள். தன் பிள்ளையை ஊட்டி வளர்த்துக்கொண்டால் போதும், ஊரார் பிள்ளை எப்படியோ வளர்ந்துகொள்ளும் என்பது அவர்கள் கண்ட புதுமொழி.

யாரோ சொல்லிக் கேட்டு நாம் இதை எழுதவில்லை. பொழுது விடிந்ததும் அந்த வீடுகளின் சமையற்கட்டுக்குள் நுழைகிறவர்கள் நம் தாய்மார்கள். கல்வித் துறை அதிகாரியின் மகனுக்கு டிபன் கட்டிக் கொடுப்பதும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியையின் மகளுக்குச் சீருடை இஸ்திரி போட்டுக் கொடுப்பதும் அவர்கள் கைகள்தாம். அந்தச் சட்டைப் பையில் எந்தப் பள்ளியின் சின்னம் தைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மாதக் கட்டணம் எவ்வளவு என்பதும் காதில் விழும். சில வீடுகளில் அந்த ஒரு மாதக் கட்டணம், நம் தாய்மார்கள் அதே வீட்டில் பல மாதம் பாத்திரம் தேய்த்து வாங்கும் கூலி.

"என் சம்பளம், என் பிள்ளை, என் விருப்பம். இதைக் கேட்க நீங்கள் யார்?" என்று அவர்கள் சீறலாம். கேள்வி நியாயமானதுதான். பதில் சொல்கிறோம். தன் பிள்ளைக்கு நல்லது தேடுவது எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் குற்றம் ஆகாது. ஒரு வியாபாரியோ டாக்டரோ தன் பிள்ளையை எங்கே சேர்த்தாலும் நாம் கேட்கப் போவதில்லை. ஆனால் நம் பள்ளிக்கு ஆசிரியரை நியமிக்கிறவர், கழிவறைக்குப் பணம் ஒதுக்குகிறவர், வகுப்பில் பாடம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டியவர், இவர்களெல்லாம் பொதுப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாம் கட்டும் வரியும் அந்தச் சம்பளத்தில் இருக்கிறது. தாம் நடத்தும் பள்ளி தம் பிள்ளைக்கு ஆகாது என்று அவர்களே தீர்ப்பு எழுதிவிட்டால், நம் பிள்ளைக்கு மட்டும் அது எப்படி ஆகும்? ஓட்டல் முதலாளி நாள்தோறும் எதிர் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டால், அவர் கடை இட்லியை நாம் வாங்குவோமா? நமக்கு வேறு கடை இல்லை என்பதால் வாங்குகிறோம், அவ்வளவுதான்.

இதில் ஒழுக்கக் கேட்டைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. கணக்கு ஆசிரியர் இடம் அரையாண்டு காலியாகக் கிடந்தால் யாருக்கு வலிக்கிறது? நமக்குத்தான் வலிக்கிறது. நாம் போய்ச் சொன்னால், "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார்கள். எழுதத் தெரியாதவர் திரும்பி வந்துவிடுகிறார். எழுதத் தெரிந்தவரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எத்தனை தடவை போவார்? அதே வகுப்பில் துணை இயக்குநரின் மகள் உட்கார்ந்திருந்தால் மனுவே தேவைப்படாது. மாலையில் வீடு திரும்பி, "அப்பா, இன்றைக்கும் கணக்கு வாத்தியார் வரவில்லை" என்று அவள் சொல்கிற ஒரு வார்த்தை போதும். அதிகாரம் உள்ளவன் காதுக்குள் போய்ச் சொல்ல நம் பள்ளிக்கு ஆள் இல்லை. நோய் இதுதான்.

அரசால் முடியாதா?

"அரசாங்கம் பள்ளி நடத்தினால் இப்படித்தான் இருக்கும்" என்று சிலர் கைவிரிக்கிறார்கள். இது பொய் என்பதற்கு அரசாங்கமே சாட்சி வைத்திருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களைப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர்கள் ஊர் ஊராக மாற்றப்படுகிறார்கள், அதனால் அவர்கள் பிள்ளைகளின் படிப்பு அறுந்து போகக்கூடாது என்பதற்காக 1963இல் இருபது பள்ளிகளோடு தொடங்கிய ஏற்பாடு அது. இன்று நாடெங்கும் 1,200க்கு மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் ஒரே பாடத்திட்டம். சேர்க்கையில் முதல் உரிமை மாற்றலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் பிள்ளைக்கு.

அந்தப் பள்ளியை நடத்துவதும் இதே அரசுதான். அங்கே ஓர் இடம் கிடைக்காதா என்று மக்கள் தவம் கிடக்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளுக்குப் பரிந்துரை செய்யலாம் என்ற ஏற்பாடு 2022இல் எடுக்கப்படும்வரை, அந்தக் கடிதத்துக்காக அவர்கள் வீட்டு வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்பது தில்லிவாசிகளுக்குத் தெரியும். ஓர் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு நின்ற கூட்டம் அது! ஆகவே அரசுக்குப் பள்ளி நடத்தத் தெரியும். யாருடைய பிள்ளைக்காக என்பதில்தான் வேறுபாடு.

இதுவும் போதாது என்று நினைத்தவர்களும் உண்டு. சாணக்கியபுரியில் 1998இல் தொடங்கிய சம்ஸ்கிருதி பள்ளியின் கதை நீதிமன்றம் ஏறிய கதை. உயர் அதிகாரிகளின் மனைவியர் முன்னின்று அமைத்த சங்கம் நடத்தும் தனியார் பள்ளி அது. அரசின் நிலமும் பணமும் அதற்குக் கிடைத்தன. நூற்றுக்கு அறுபது இடம் மத்திய அரசின் முதல்நிலை அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதற்கும் சொன்ன காரணம் பணிமாற்றம்தான். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2015 நவம்பரில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2016இல் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பொதுப் பள்ளியை நடத்த வேண்டியவர்கள் தமக்கென ஒரு பள்ளியைப் பொதுச் சொத்திலேயே அமைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மாற்றல் நமக்கும் உண்டு

அதிகாரி மாற்றல் ஆனால் பிள்ளைக்குப் பள்ளி தயாராக இருக்கிறது. நமக்கும் மாற்றல் வருகிறது. அது காகிதத்தில் வருவதில்லை, புல்டோசரில் வருகிறது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் தலைமுறைகளாக நம் மக்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் முதல் தேதி இடிக்கப்பட்டது. 370 குடிசைகளில் 189தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதலில் கணக்கிட்டார்கள். வீடு கிடைத்தவர்களுக்கும் அது நகரின் வடகோடி நரேலாவில். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. மாற்றல் ஆகும் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகக்கூடாது என்று அறுபது ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்ட அரசுக்கு, நம் பிள்ளை மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

அந்தக் கழகத்தின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 1923இல் மதராஸி கல்விச் சங்கம் என்ற பெயரில் அது பிறந்தது. அரசு அலுவலக வேலைக்காகத் தலைநகருக்கு வந்த தென்னாட்டவர் தம் சொந்தப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. தொடங்கியவரின் பிள்ளையே முன்வரிசையில் உட்கார்ந்து படித்தது. பிறகு வசதி வந்த குடும்பங்கள் பல ஒவ்வொன்றாக வேறு பள்ளி தேடிப் போயின. இன்று அந்தப் பெஞ்சுகளில் பெரும்பாலும் வீட்டுவேலை செய்வோர், டிரைவர், கூலியாள் பிள்ளைகள். ஏழைப் பிள்ளை உட்காருவதால் பள்ளி தாழ்ந்துவிடாது. அந்தப் பிள்ளைக்காகக் குரல் கொடுக்கக்கூடியவர்கள் எழுந்து போவதால்தான் தாழ்கிறது.

தீர்ப்பும் தனிமனிதர்களும்

இதையேதான் 2015 ஆகஸ்டு 18 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் கண்டது. உத்தரப் பிரதேசத்தில் ஆசிரியர் நியமனம் பற்றிய வழக்கு அது. அரசு ஊழியர், மக்கள் பிரதிநிதி, நீதித் துறையினர் என்று அரசுப் பணத்தில் ஊதியமோ சலுகையோ பெறும் எல்லாரும் தம் பிள்ளைகளை அரசின் தொடக்கப் பள்ளியிலேயே சேர்க்கும்படி செய்ய வேண்டும் என்று நீதிபதி சுதீர் அகர்வால் தலைமைச் செயலாளருக்கு உத்தரவிட்டார். தனியார் பள்ளியில் சேர்த்தால் அங்கே கட்டும் கட்டணத்துக்குச் சமமான தொகையை அரசுக்கும் கட்ட வேண்டும் என்றார். ஆறு மாதம் கெடு வைத்தார். கெடு போயிற்று, ஆண்டுகளும் போயின. யார் பிள்ளை வர வேண்டுமோ அவர்கள் கையிலேயே உத்தரவை நிறைவேற்றும் வேலையும் இருந்தது. வேறு என்ன நடக்கும்?

மனமார வந்தவர்களும் இருக்கிறார்கள், மறைக்கக் கூடாது. ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் 2011 ஜூன் மாதம் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தார். சத்தீஸ்கரில் பல்ராம்பூர் ஆட்சியராக இருந்த அவனீஷ் சரணும் தம் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தார். இருவருக்கும் நம் வணக்கம். ஆனால் ஓர் ஆட்சியர் தாம் மேற்பார்க்கும் பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்ப்பது நாடெங்கும் செய்தியாகிறது என்றால், அது எவ்வளவு அரிது என்றுதானே பொருள்? தனிமனிதரின் நல்ல மனம் அவரோடு மாற்றல் ஆகிவிடும். விதி நின்றால்தான் பள்ளி நிற்கும்.

அந்த விதியும் புதிதல்ல. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கல்விக் குழு எல்லாருக்கும் பொதுவான பள்ளி முறை வேண்டும் என்றது. 1968ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை அதை ஏற்றது. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு ஆறு கல்விக்கு என்ற வாக்குறுதியும் அப்போதே தரப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையிலும் அதே ஆறு மறுபடி எழுதப்பட்டது. எழுதியவர்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆறு தேவைப்படவில்லை. அதனால்தான் அது காகிதத்திலேயே கிடக்கிறது.

தனியார் பள்ளிகளிலும் நலிந்தோர் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடம் கொடுத்திருக்கிறோமே என்பார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தந்த அந்த இடத்தை விடவேண்டாம், விண்ணப்பம் போடுங்கள். ஆனால் குலுக்கலில் பெயர் விழுந்த பிள்ளைக்கு ஒரு படிப்பு, விழாத பிள்ளைக்கு ஒரு படிப்பு என்பது உரிமை ஆகாது. அது லாட்டரி.

நாம் கேட்க வேண்டியது

ஒன்று. தேர்தலில் நிற்பவர் தம் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார். 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்த பயன் அது. அதோடு இன்னும் ஒரு வரி சேரட்டும்: பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் அது படிப்பது அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா? பிள்ளையின் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். கல்வித் துறையின் உயர் பதவிகளுக்கும் இதே விதி வேண்டும். யாரையும் காதைப் பிடித்து இழுத்துவர நாம் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வாக்களிக்கும் உரிமையைக் கேட்கிறோம்.

இரண்டு. குடியிருப்பை இடித்து மக்களை அனுப்பும் இடத்தில், அனுப்புவதற்கு முன்பே பள்ளி இருக்க வேண்டும். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய அரசுகள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நரேலாவில் தமிழ் வகுப்பு கேட்பது பிச்சை அல்ல.

மூன்று. இது நம் கையிலேயே இருக்கிறது. பள்ளி நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது அதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. பள்ளியின் நடப்பைக் கண்காணிக்கவும், வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கவும் அந்தக் குழுவுக்கு உரிமை உண்டு. அங்கே கைநாட்டு வைக்க மட்டும் போகாதீர்கள். கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். இந்தி எழுத்து படிக்க வராத தாய்மாரோடு படிக்கத் தெரிந்த ஒரு தோழர் போகட்டும், இதை நம் கிளைகள் ஏற்பாடு செய்யட்டும்.

கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தில்லியில் 2015 முதல் 2025 வரை ஆண்டவர்கள் பள்ளிக் கட்டடங்களைக் காட்டி வாக்குக் கேட்டார்கள். பிறகு வந்தவர்கள் அவற்றின் குறைகளைக் காட்டுகிறார்கள். 2025இல் தமிழ்நாட்டில் மும்மொழிச் சண்டை மூண்டபோது, "உன் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது?" என்று இரு தரப்பும் ஒன்றையொன்று கேட்டன. நல்ல கேள்விதான், ஆனால் எதிரியின் மேல் எறியும் கல்லாக மட்டுமே அதைக் கையில் எடுத்தார்கள். நாம் அதை அளவுகோலாக எடுப்போம். கட்சி பார்க்காமல், மொழி பார்க்காமல், தமிழ்வழிக் கல்விக்காக மேடையில் முழங்கும் நம் தலைவர்களையும் சேர்த்தே அளப்போம்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு நம் சந்துக்குள் வருகிறவரிடம் குடிநீரும் சாக்கடையும் பற்றிக் கேட்பதோடு விடாதீர்கள். "ஐயா, உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும்வரை வழியை விடாதீர்கள்.