கொலஸ்ட்ரால் நார்மல்... ஆனாலும் மாரடைப்பு ஏன்? வேலியே பயிரை மேயும் கதை!

மாரடைப்பு என்றதும் பலருக்கும் தோன்றுவது, கொழுப்பு சேர்ந்து அடைத்துக்கொண்ட ஒரு குழாய்தான். ஆனால், 1997-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. லூபஸ் நோய் உள்ள 35 முதல் 44 வயதுப் பெண்களுக்கு, அதே வயதுள்ள மற்ற பெண்களைவிட மாரடைப்பு அபாயம் 50 மடங்குக்கும் மேல் இருந்தது!

லூபஸ் ஒரு ஆட்டோஇம்யூன் நோய். கிருமிகளை விரட்ட வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடும். முடக்குவாதமும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இதே ரகம்தான்.

சரி, இதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகிறது. அதை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள், கொழுப்பை விழுங்கி விழுங்கி வீங்கி அங்கேயே குவிகின்றன. அடுத்து டி செல்கள் வருகின்றன. இவற்றில் சில, எல்.டி.எல்.-லில் இருக்கும் 'அப்போ-பி' என்ற புரதத்தையே குறிவைப்பதாக அமெரிக்காவின் லா ஹோயா நோயெதிர்ப்பியல் நிறுவன ஆய்வுகள் காட்டின. அது நம் உடம்பே தயாரிக்கும் புரதம். ஆரோக்கியமானவர்களிடம் இந்த செல்கள் பெரும்பாலும் சண்டையை அடக்கும் வேலையைத்தான் செய்கின்றன. நோய் தொடங்கும்போது அவையே கட்சி மாறிவிடுகின்றன. அழற்சி கூடக்கூட கொழுப்புப் படிவின் மூடி மெலிகிறது. அது உடைந்தால் ரத்தம் உறைந்து அடைப்பு... மாரடைப்பு.

அப்போ எதிர்ப்பு சக்தியை அடக்கிவிட்டால் போதுமா? அவ்வளவு சிம்பிள் இல்லை. 2017-ல் வெளியான 'கேன்டோஸ்' ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர் பங்கேற்றனர். கனாகினுமாப் என்ற அழற்சி தடுப்பு ஊசியின் 150 மி.கி. டோஸ், கொலஸ்ட்ராலைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளை 15% குறைத்தது. ஆனால், உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் கூடின. மொத்த மரணங்கள் குறையவில்லை. மறுவருடம், முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட்டை வைத்து நடந்த 'சிர்ட்' ஆய்வில் பலனே இல்லை.

இப்போது பேசப்படுவது கோல்ச்சிசின். இது நம்ம மாநில மலரான செங்காந்தள் செடியிலும் இருக்கும் வேதிப்பொருள் (அதற்காக கிழங்கைத் தோண்டிவிட வேண்டாம், அது கடும் விஷம்). 2023-ல் அமெரிக்கா இதை இதய நோய்க்கு அனுமதித்தது. மறுவருடமே 7,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'கிளியர்' ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே இதைக் கொடுத்தும் பலன் தெரியவில்லை. விவாதம் முடியவில்லை.

அதற்காக மாரடைப்பையே ஆட்டோஇம்யூன் நோய் என்று சொல்லிவிட முடியாது. புகை, சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால்தான் இன்றும் பெரிய வில்லன்கள். ஸ்டேடின் மாத்திரையை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்தக் கூடாது.

கவனிக்க வேண்டியவர்கள், லூபஸ், முடக்குவாதம் உள்ள இளம் பெண்கள். முடக்குவாதம் இருந்தால், வழக்கமான இதய அபாயக் கணக்கை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். 30 பிளஸ் வயதில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று போனால், 'கேஸ் பிராப்ளம்' என்று அனுப்பிவிடும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். எமர்ஜென்சியில் டாக்டரைப் பார்த்ததும், 'எனக்கு லூபஸ் இருக்கு' என்று முதலில் சொல்லிவிட்டு, இ.சி.ஜி.யும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேட்பது நல்லது.