காப்பு என்னும் சொல்

1890ஆம் ஆண்டில் ஜெர்மனி சான்சிபாரைக் கொடுத்து ஹெலிகோலாந்துத் தீவைப் பெற்றது என்று நூல்கள் சில எழுதுகின்றன. மாணவரும் அவ்வாறே மனப்பாடம் செய்கின்றனர். இஃது உண்மையன்று. சான்சிபார் ஒருநாளும் ஜெர்மனியின் உடைமையாக இருந்ததில்லை. ஜெர்மனி கைவிட்டவற்றுள் ஒன்று, இன்றைய கென்யாக் கரையோரத்தில் இருந்த வீத்து என்னும் சுவாகிலி அரசு. இவ்வொரு வரிப் பிழையில் ஒரு நாட்டின் அழிவே மறைந்துபோகிறது.

பாத்தே தீவை ஆண்ட நபகானி மரபினர், சான்சிபார் சுல்தானுக்குப் பணிய மறுத்துக் கண்ட அரசே வீத்து. அதன் சுல்தான் அகமதைச் 'சிம்பா', அதாவது சிங்கம், என மக்கள் அழைத்தனர். சான்சிபாரின் கைக்குத் தப்ப விரும்பிய அவர், 1885இல் டென்ஹார்ட் சகோதரர் என்னும் ஜெர்மானியருடன் உடன்படிக்கை செய்தார். அவ்வாண்டு மே மாதம் ஜெர்மனி தன் 'காப்பினை' அறிவித்தது.

அக்காப்பு ஐந்தாண்டே நிலைத்தது. 1890 ஜூலை 1இல் கையெழுத்தான உடன்படிக்கையால் வீத்து பிரிட்டனின் காப்புக்கு மாற்றப்பட்டது. ஹெலிகோலாந்து மக்கள் விரும்பினால் பிரிட்டிஷ் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அவ்வுடன்படிக்கை வழி செய்தது. வீத்து மக்களுக்கோ எந்தத் தேர்வும் இல்லை. எனினும் வீத்து சுல்தானின் இறைமையை ஏற்பதாகப் பிரிட்டன் அதே உடன்படிக்கையில் உறுதி கூறியது.

அவ்வுறுதியின் ஆயுள் நான்கு மாதம்! செப்டம்பரில் வீத்துவில் எழுந்த மோதலில் குன்செல் என்னும் ஜெர்மானியரும் அவர்தம் தோழர் பலரும் மாண்டனர். அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி பிரீமேண்டில் படையுடன் வந்து வீத்து நகரைத் தீக்கிரையாக்கினார். தப்பியோடிய சுல்தான் பூமோ பக்காரி 1891இன் தொடக்கத்தில் இறந்தார். 1893இல் வீத்துவின் ஆட்சி, அதன் பழம்பகையான சான்சிபார் சுல்தானின் பெயரில் நடத்தப்படலாயிற்று. எதற்கு அஞ்சிச் சிம்பா காப்பு நாடினாரோ, அதனிடமே அக்காப்பு வீத்துவைக் கொண்டு சேர்த்தது.

அடிமை முறையை ஒழிக்கவே ஐரோப்பியர் வந்தனர் என்று வாதிடுவாரும் உளர். வீத்து குற்றமற்ற நாடன்று. அடிமை முறை அங்கும் இருந்தது. ஆனால், கரையோரத் தோட்டங்களினின்று தப்பிய அடிமைகள் பலர் புகலிடம் தேடியதும் அந்த வீத்துவையே அன்றோ? நகரை எரித்த தீ, அடிமைக்கும் ஆண்டானுக்கும் வேறுபாடு பார்த்ததா?

ஆதலின், 'காப்பு நாடு' என்னும் சொல்லை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர், அகராதிப் பொருளோடு நின்றுவிடுதல் போதாது. யார், யாரை, யாரிடமிருந்து, எவர் நலனுக்காகக் காத்தனர் என்னும் வினாக்களையும் மாணவர் முன் வைத்தல் வேண்டும். ஆண்டினை மட்டும் அறிந்த மாணவன் தேர்வில் வெல்வான். சொல்லின் வஞ்சகத்தை அறிந்தவனே வரலாறு கற்றவன் ஆவான்.